முன் சக்கரத்தின் இரண்டு நட்டுகள்

(தொழிற்கருவிகள் வழங்கும் நிகழ்ச்சியில் நமது டிரஸ்ட் செயலாளர் ஆற்றிய உரை)



வட்டியில்லாக் கடனில் நாம் தரும் இந்தப் பெட்டிகளில் பெரிய பாக்ஸ் ஸ்பேனர் ஒன்று இருக்கிறது. பட்டியலைப் பார்த்த நிர்வாகக் குழு உறுப்பினர் ஒருவர், "ஒரு நட்டுக்காக இவ்வளவு செலவா? உளி வைத்துத் தட்டினால் கழன்று வருமே" என்று கேட்டார். கேட்டதில் தவறில்லை. பல பட்டறைகளில் அப்படித்தான் நடக்கிறது. அதனால்தான் இன்று அந்த நட்டைப் பற்றியே பேசுகிறேன்.

விடியும் முன்பே போடியிலிருந்தும் கம்பத்திலிருந்தும் பெண்களை ஏற்றிக்கொண்டு ஜீப்புகள் ஏலத்தோட்டங்களுக்கு மலையேறுகின்றன. போடிமெட்டு சாலையில் மட்டும் 17 கொண்டை ஊசி வளைவுகள். ஓட்டுகிறவர்களில் நம் பிள்ளைகள் உண்டு. உட்கார்ந்து போகிறவர்களில் நம் தாய்மார்களும் உண்டு. தோட்டத்து மண்பாதையில் ஏறுவதற்கு இன்னமும் பழைய மஹிந்திரா ஃபோர் வீல் ஜீப்புகளைத்தான் நம்புகிறார்கள். என் அத்தாவும் அப்படி ஒரு ஜீப் ஓட்டியவர்தான்.

சாதாரண வண்டியின் முன் சக்கரத்தில் ஒரு நட்டு, அதன் குறுக்கே ஒரு ஸ்பிளிட் பின், வேலை முடிந்தது. ஃபோர் வீல் ஜீப்பில் அது முடியாது. சக்கரத்தைச் சுற்றவைக்கும் ஆக்ஸில் தண்டு ஸ்பிண்டிலின் நடுவே போவதால், ஸ்பிண்டில் குழாய் மாதிரி உள்ளே வெற்றாக இருக்கும். குறுக்கே பின் போட இடமில்லை. ஆகவே உள்ளே ஒரு நட்டு, நடுவில் லாக் வாஷர், வெளியே லாக் நட்டு. உள் நட்டு பேரிங்கின் இறுக்கத்தை வைக்கிறது. வெளி நட்டு அதை அசையாமல் காக்கிறது. வாஷரின் நாக்கு ஸ்பிண்டிலின் பள்ளத்தில் உட்காருவதால் வாஷர் சுழலாது. அதன் ஓரத்தை நட்டின் மேல் மடித்துவிட்டால் நட்டும் சுழலாது. இவ்வளவு பாரத்துக்கும் காவல் அந்த மெல்லிய தகடுதான்.

மூன்று வருடத்துக்கு முன் மலையிலிருந்து ஒரு மய்யித்தை ஏற்றிக்கொண்டு டிரஸ்ட் ஜீப்பில் இறங்கினோம். மய்யித்தின் மகன் பின்னால் உட்கார்ந்திருந்தார். ஒரு வளைவில் ஸ்டியரிங் உதறியது. இறங்கிப் பார்த்தால் இடது முன் சக்கரம் ஆடும் பல்லைப் போல ஆடுகிறது. ஹப்பைத் திறந்தபோது லாக் நட்டின் முனையெல்லாம் உளித் தழும்பு. வாஷரின் மடிப்பு ஒடிந்து கிரீஸுக்குள் கிடந்தது. எந்தப் பட்டறை என்று கேட்காதீர்கள். "புது வாஷர் எதற்கு, இருப்பதையே நிமிர்த்திப் போடு" என்று அந்தப் பையனிடம் சொன்னது நான்தான். டிரஸ்ட் பணத்தைச் சிக்கனப்படுத்துவதாக நினைப்பு! ஒட்டகத்தைக் கட்டுவது பற்றிய நபிமொழியை எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பேன்.

பிள்ளைகளே, முறை இதுதான். பேரிங்குகளைக் கழுவிக் காயவைத்து, உள்ளங்கையில் வைத்து, உருளைகளின் இடுக்கெல்லாம் நிறையும்படி கிரீஸ் அடையுங்கள். கோன் போயிருந்தால் கப்பையும் சேர்த்து மாற்றுங்கள். உள் நட்டை இறுக்கும்போது சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும்; நின்ற சக்கரத்தில் இறுக்கினால் உருளைகள் சரியாக உட்காராது. சக்கரம் பிடிக்கிற அளவுக்கு வந்ததும் 1/6 சுற்று பின்னால் விடுங்கள். நட்டுக்கு ஆறு பக்கம். ஒரு பக்கம் நகர்ந்தால் கணக்குச் சரி. பிறகு வாஷர், பிறகு லாக் நட்டு.

பலர் இங்கேதான் எழுந்துவிடுகிறார்கள். லாக் நட்டை இறுக்கும்போது மரையில் இருக்கும் சிறு தளர்வு போய் உள் நட்டு இன்னும் கொஞ்சம் பேரிங்கை அழுத்தும். ஆகவே இறுக்கிய பிறகு மறுபடியும் சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள், சுற்றிப் பாருங்கள். ஆடக் கூடாது, தடையில்லாமல் சுற்ற வேண்டும். இல்லையென்றால் கழற்றி மறுபடி வையுங்கள். சரியான பிறகுதான் வாஷரை மடிக்க வேண்டும். கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டு ஹப்பில் கை வையுங்கள். கை வைக்க முடியாமல் சுட்டால் இறுக்கம் அதிகம்.

வண்டி வைத்திருக்கும் பெரியவர்களுக்கு ஒரு வார்த்தை. கூலியில் பேரம் பேசுங்கள், வாஷரில் பேசாதீர்கள். இந்தப் பிள்ளைகள் புது வாஷர் கேட்டால் அது அவர்கள் சம்பாத்தியத்துக்காக அல்ல.

வெளியே நம் ஜீப் நிற்கிறது. இடது முன் சக்கரம் கழற்றி வைக்கப்பட்டிருக்கிறது. பக்கத்தில் புது வாஷர்கள் இருக்கின்றன. அஸருக்கு இன்னும் நேரம் இருக்கிறது. ஒவ்வொருவராகப் பூட்டிக் காட்டிவிட்டுப் பெட்டியை வாங்கிக்கொள்ளலாம். வஸ்ஸலாம்.