அரசுப் பணியும் அரசியல் விவேகமும்

(போட்டித் தேர்வு எழுதும் இளைஞர்களுக்காக நமது பள்ளிவாசல் வளாகத்தில் நடைபெற்ற கூட்டத்தில் இமாம் அவர்கள் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



 

அரசுப் பணிகளில் நம் சமுதாயத்தின் பங்கு மிகக் குறைவு என்பதை 2006இல் வெளிவந்த நீதிபதி சச்சார் குழுவின் அறிக்கை ஏட்டில் ஏற்றியது. மறு ஆண்டு, 2007இல், தமிழ்நாட்டில் பிற்படுத்தப்பட்டோருக்கான 30 விழுக்காட்டிற்குள் முஸ்லிம்களுக்கென 3.5 விழுக்காடு ஒதுக்கப்பட்டது. அதன் பயனாய்ப் பல ஊர்களில் நம் பிள்ளைகள் அரசு அலுவலகங்களில் அமர்ந்துள்ளனர். கதவு திறந்தது உண்மை. உள்ளே சென்றபின் எவ்வாறு நடந்துகொள்வது என்பதை மட்டும் நாம் எவரும் அவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. தேர்வுக்குப் படிக்கும் நூல்களிலும் அது இல்லை.

அரசியல் விவேகம் என்றவுடன் சிலர் முகம் சுளிக்கின்றனர். கட்சி அரசியலை நாம் கூறவில்லை. அரசு ஊழியர் கட்சியில் சேர்வதையும் கட்சிக்காக வாக்குக் கேட்பதையும் நடத்தை விதிகள் தடுக்கின்றன. எந்த வேண்டுகோளின் பின்னால் யார் நிற்கிறார், எந்தக் கையொப்பம் யாரைப் பிணைக்கும், எங்கே பேச வேண்டும், எங்கே கோப்பைப் பேசவிட வேண்டும் என்று அறிந்திருப்பதையே நாம் விவேகம் என்கிறோம். இதை நாம் கிதாபில் கற்கவில்லை. ஓர் இளைஞரிடம், அதுவும் சற்று வெட்கத்துடன், கற்றோம்.

முன்னர் நாம் இமாமத் செய்த ஊரில் ஒரு பெரியவர் மௌத்தானார். சில வாரங்களுக்குப் பின் இஷாத் தொழுகை முடிந்ததும் அவருடைய மூத்த மகன் நம்மிடம் வந்தார். “ஹஜ்ரத், வாரிசுச் சான்றிதழுக்கு மனு போட்டிருக்கிறோம். தாலுகா ஆபீஸில் நம் பையன்தானே இருக்கிறான், நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் சீக்கிரம் முடியும்” என்றார். அந்த இளைஞர் நம் மக்தபில் ஓதியவர். நாமும் சற்றும் யோசியாமல் தொலைபேசியை எடுத்தோம்.

“ஹஜ்ரத், மனு முறைப்படி கிராம நிர்வாக அலுவலர் விசாரணைக்குப் போய்விட்டது. அறிக்கை வந்ததும் காலதாமதம் ஆகாமல் பார்த்துக்கொள்வார்கள். ஏதேனும் ஆவணம் குறைந்தால் நானே அவர்களுக்குத் தகவல் சொல்கிறேன்” என்றார் அவர். முடியும் என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை. ‘நாம் ஓதிக்கொடுத்த பிள்ளை நம்மிடமே விதி பேசுகிறதே’ என்று நமக்கு உள்ளூர வருத்தம்.

விசாரணையில் வெளிவந்தது என்ன தெரியுமா? பெரியவருக்கு வெளியூரில் மணமுடித்துக் கொடுத்த ஒரு மகள் இருந்தார். மனுவில் அவர் பெயர் இல்லை. ஆண்டுதோறும் மதரஸாவில் பாகப்பிரிவினைச் சட்டம் நடத்துகிறவர்கள் நாம். மகனுக்குரிய பங்கில் பாதி மகளுக்கு என்று கரும்பலகையில் கணக்குப் போட்டுக் காட்டுகிறவர்கள் நாம். அப்படிப்பட்ட நாமே ஒரு பெண்ணின் பெயரை விட்டுவிட்ட மனுவுக்குச் சிபாரிசு செய்திருக்கிறோம்! அல்லாஹ் மன்னிப்பானாக.

பின்னாளில் அந்த இளைஞரைச் சந்தித்தபோதுதான் மறுபாதி தெரிந்தது. மனு வந்த அன்றே அவர் தம் மேலதிகாரியிடம், “மனுதாரர் எங்கள் ஜமாஅத்தைச் சேர்ந்தவர், இக்கோப்பை வேறு எழுத்தர் பார்ப்பது நல்லது” என்று கூறி, கோப்பைத் தம் இருக்கையிலிருந்து மாற்றிவிட்டிருந்தார். சொல்லாமல் மறைத்திருந்து, மகளுடைய கணவர் ஒரு புகார் எழுதியிருந்தால், மதத்தையும் சேர்த்து ஒரு மொட்டைக் கடிதமும் பின்னாலேயே வந்திருக்கும். ஒரு வரி பேசி அவர் தம் வேலையையும் காத்தார், நம் மரியாதையையும் காத்தார். அந்தக் குடும்பத்தாரைக் குறித்து எவரிடமும் ஒரு சொல் பேசவுமில்லை.

இதைக் கேட்டபின் ஓய்வுபெற்ற வருவாய்த்துறைச் சகோதரர் ஒருவரிடம் பல நாள் அமர்ந்து விவரம் கேட்டோம். அவர் முதலில் கூறியது வாய்மொழி உத்தரவைப் பற்றி. மேலதிகாரி ‘செய்துவிடு, பிறகு பார்த்துக்கொள்ளலாம்’ என்பார். சிக்கல் வரும்போது கோப்பில் இருப்பது கீழ்நிலை ஊழியரின் கையொப்பம் மட்டுமே. வாய்மொழி உத்தரவை எழுத்தில் உறுதிசெய்து பெறவேண்டும் என்று மத்திய அரசு ஊழியர்களுக்கான 1964ஆம் ஆண்டு நடத்தை விதிகளே கூறுகின்றன. 2013 அக்டோபர் 31 அன்று உச்ச நீதிமன்றமும், அதிகாரிகள் வாய்மொழி உத்தரவின்பேரில் செயல்படலாகாது, அதனைப் பதிவு செய்ய வேண்டும் என்று தீர்ப்பளித்தது. ஆயினும் மேலதிகாரியின் முகத்துக்கு நேரே ‘எழுதிக் கொடுங்கள்’ என்று கேட்பவர் நெடுநாள் அந்த இருக்கையில் இருப்பதில்லை. அச்சகோதரர் அதற்கும் வழி சொன்னார். குறிப்புக் கோப்பில், ‘தாங்கள் நேரில் அறிவுறுத்தியவாறு இப்பொருள் ஆணைக்காகச் சமர்ப்பிக்கப்படுகிறது’ என்று பணிவுடன் எழுதி, பொருந்தும் விதியையும் அடுத்த வரியில் குறிப்பிட்டு, மேலே அனுப்பிவிட வேண்டுமாம். உத்தரவு நியாயமானதாயின் கையொப்பம் வரும். இல்லையெனில் கோப்பு சத்தமின்றித் திரும்பி வரும், பெரும்பாலும் அந்தப் பேச்சே மறுபடி எழாது என்று சொல்லிச் சிரித்தார்.

குறிப்பு எழுதும்போது சொற்களை அளந்து எழுதுக. 2005இல் தகவல் அறியும் உரிமைச் சட்டம் வந்தபின், சில விதிவிலக்குகள் நீங்கலாக, கோப்பின் குறிப்புகளையும் பொதுமக்கள் கேட்டுப் பெறலாம். கோபத்தில் எழுதிய ஒரு வரி பத்தாண்டு கழித்தும் படிக்கப்படும்.

கரை வேட்டி கட்டியவர் அலுவலகத்திற்கு வந்தால் அஞ்சவும் வேண்டாம், அலட்சியம் செய்யவும் வேண்டாம். இருக்கை கொடுங்கள், முழுதும் கேளுங்கள், கோரிக்கையை மனுவாக வாங்கித் தன்பதிவேட்டில் பதிந்துவிடுங்கள். வாக்குறுதி மட்டும் தர வேண்டாம். இன்று ஆளும் கட்சியாய் இருப்போர் நாளை எதிர்க்கட்சி. ஒருவருக்குச் செய்த சலுகையை மற்றவர் வந்து தோண்டுவார். அதுபோன்றே, தமக்கு இடமாறுதல் வேண்டும் என்று சட்டமன்ற உறுப்பினரின் கடிதத்துடன் போய் நிற்காதீர்கள். வெளிச் செல்வாக்கைப் பயன்படுத்துவதே விதிமீறல். அத்துடன் கடிதம் கொடுத்தவர் அதற்கு ஈடாக ஒன்றைக் கேட்கும் நாளும் வரும்.

அன்பளிப்பு விஷயத்தை நாம் நீட்ட விரும்பவில்லை. ஜகாத் வசூலுக்கு அனுப்பப்பட்ட இப்னுல் லுத்பிய்யா (ரலி) அவர்கள், இது உங்களுக்குரியது, இது எனக்கு அன்பளிப்பாகக் கிடைத்தது என்று பிரித்துக் காட்டியபோது, அவர் தம் தாய் தந்தையர் வீட்டில் அமர்ந்திருந்தால் அது வந்திருக்குமா என்று நபி (ஸல்) அவர்கள் கேட்டதை எல்லோரும் அறிவீர்கள். வீட்டு வாசலில் இறக்கப்படும் வாழைத்தாருக்கும் இதே கேள்விதான். 2018இல் திருத்தப்பட்ட ஊழல் தடுப்புச் சட்டத்தின்படி கொடுப்பவரும் குற்றவாளி என்பதைக் கொடுத்துப் பழகிய பெரியவர்களும் அறிந்துகொள்க.

ஜமாஅத் பெருமக்களே, கடைசியாக உங்களிடம் ஒன்று. பிள்ளை வேலைக்குச் சேர்ந்த மறுநாளே அவன் வீட்டு வாசலில் வரிசை கட்டுகிறோம். முன்னுரிமை கேட்கிறோம், மறுத்தால் ‘பதவி வந்ததும் மாறிவிட்டான்’ என்று டீக்கடையில் பேசுகிறோம். நடைமுறை என்ன, எந்த ஆவணம் வேண்டும், எவரிடம் மேல்முறையீடு செய்வது என்று அவனிடம் கேளுங்கள், மகிழ்ந்து சொல்வான். அதற்கு மேல் கேட்டு அவனை அந்த நாற்காலியிலிருந்து நாமே இறக்கிவிடக் கூடாது.

நாமும் ஒரு முடிவெடுத்துள்ளோம். இனி எந்த அலுவலகத்திற்கும் தொலைபேசியில் சிபாரிசு சொல்லமாட்டோம். மனு எழுதத் தெரியாதவர் அஸருக்குப் பின் நம் அறைக்கு வரலாம். உடனமர்ந்து எழுதித் தருவோம். வாரிசுச் சான்றிதழ் மனுவாயின், வீட்டில் உள்ள பெண் மக்களின் பெயர்களையும் எழுதி எடுத்து வாருங்கள்.