தாயை எப்போது தூக்குவது?

2023 டிசம்பர் 17, 18 மறந்துவிட்டதா? காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர் மழை! அது கடலோரம், தென்காசிக்கென்ன என்கிறீர்களா? 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளம் 17 வயது மாணவனை அடித்துச் சென்றது. அந்த மலைத் தண்ணீர்தான் சிற்றாறாக நம் ஊருக்குள்ளும் வருகிறது.

இடுப்பளவு தண்ணீரில், இருட்டில், படுக்கையில் கிடக்கும் தாயை யார் தூக்குவது? எச்சரிக்கை வந்த அன்று பகலிலேயே மேட்டுத்தெரு உறவினர் வீட்டில் சேர்த்துவிடுங்கள். "அல்லாஹ் பார்த்துக்கொள்வான்" என்பார்கள். ஒட்டகத்தைக் கட்டிய பிறகல்லவா தவக்குல்! உண்மையில், பிறர் வீட்டுக் கழிவறையை நினைத்துத்தான் பல தாய்மார்கள் கூசுகிறார்கள். முதலில் அதற்கு வழி செய்யுங்கள்.

சிற்றாற்றங்கரை வீடுகளில் நடக்க முடியாதவர்கள் பெயரை இன்று இஷாவுக்குப் பின் எழுதிக் கொடுங்கள். தூக்க நான்கு இளைஞர்கள் பெயரும் வேண்டும்.