கேட்ட வழியிலேயே பதில் சொல்லாதீர்கள்

(நமது சங்கத்தின் காலாண்டுப் பொதுக்கூட்டத்தில் பொருளாளர் பேசியதன் எழுத்து வடிவம். கூட்டத்துக்கு வர இயலாத குடியிருப்பாளர்கள் கேட்டுக்கொண்டதால் இங்கே வெளியிடப்படுகிறது.)



"வாட்ஸ்அப், ஈமெயில், இன்டர்நெட் இதையெல்லாம் எப்படி ஜாக்கிரதையா பயன்படுத்துறதுன்னு பத்து நிமிஷம் பேசுங்க சார்" என்று செயலாளர் கேட்டார். இதைப் பேச இவருக்கு என்ன தகுதி என்று உங்களில் சிலர் நினைக்கலாம். போன மாதம் நம் குடியிருப்பில் மூன்று வீட்டுக்காரர்கள் பணம் இழந்தார்கள். அதற்கு வழி திறந்துவிட்டது என் போன். அதுதான் என் தகுதி. நடந்ததைப் பற்றிப் பலரும் பல விதமாகப் பேசிக்கொள்கிறார்கள். அதனால் ஒரு தடவை நானே முழுசாகச் சொல்லிவிடுகிறேன்.

நான் முப்பத்து நாலு வருஷம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்தவன். டிரங்க் கால் புக் பண்ணிவிட்டு மணிக்கணக்காகக் காத்திருந்த காலத்தைப் பார்த்தவன். 1995 ஆகஸ்ட் 15ஆம் தேதி விஎஸ்என்எல் பொதுமக்களுக்கு இணைய இணைப்பு கொடுக்க ஆரம்பித்தது. அதற்குப் பிறகு ஊரில் எத்தனையோ வீடுகளில் மோடம் கிறீச்சிட்டுக்கொண்டு இணைப்பு பிடிப்பதைக் கேட்டிருக்கிறேன். அதனால் இந்த விஷயத்தில் என்னை யாரும் ஏமாற்ற முடியாது என்று ஒரு நினைப்பு இருந்தது. என் முதல் தப்பு அந்த நினைப்புதான்.

அன்று வியாழக்கிழமை, காலை பதினொன்றரை மணி இருக்கும். குளியலறைக் குழாயை மாற்ற வந்த பிளம்பர் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். என்னோடு வேலை பார்த்த பழைய நண்பர் ஒருவரின் எண்ணிலிருந்து வாட்ஸ்அப்பில் செய்தி வந்தது. "சார், சின்ன உதவி. எனக்கு வர வேண்டிய கோடு தப்பா உங்க நம்பருக்கு வந்திருக்கு. அந்த ஆறு நம்பரையும் அனுப்புங்க. கொஞ்சம் அவசரம்." அதே நேரத்தில் திரையின் மேலே ஒரு எஸ்எம்எஸ், அதில் ஆறு இலக்கம். பார்த்தேன், அனுப்பினேன். பதினைந்து விநாடிகூட ஆகியிருக்காது. அந்த எண்ணை யாரிடமும் பகிர வேண்டாம் என்று அதே எஸ்எம்எஸ்ஸில் எழுதியிருந்தது. நான் எண்ணைப் படித்தேன், எழுத்தைப் படிக்கவில்லை.

உடனே என் வாட்ஸ்அப் மூடிக்கொண்டது. மறுபடி பதிவு செய்யச் சொன்னது. போனில் ஏதோ கோளாறு என்று அணைத்துப் போட்டுவிட்டு பிளம்பரிடம் போய்விட்டேன்.

அந்த ஆறு இலக்கம் என்ன என்று எனக்குப் பிறகுதான் புரிந்தது. வாட்ஸ்அப்புக்கு நம் போன் எண்தான் அடையாளம். புதிய போனில் அதைத் திறக்க வேண்டுமானால் எண்ணைத் தட்டச்சு செய்ய வேண்டும். அந்த எண் நம்முடையதுதானா என்று பார்க்க, அந்த சிம்முக்கு ஒரு கோடு வரும். எங்கேயோ இருந்த ஒருவன் அவன் போனில் என் எண்ணைப் போட்டிருக்கிறான். கோடு எனக்கு வந்தது. வீட்டுச் சாவியைக் கழற்றிக் கையில் கொடுப்பது மாதிரி நானே அதைக் கொடுத்துவிட்டேன். என் நண்பர் அதை அனுப்பவே இல்லை. அவருடைய கணக்கும் அதற்கு முன்பே இப்படித்தான் போயிருந்தது.

என் பழைய உரையாடல்கள் என் போனிலேயே இருந்தன. அவை அவனுக்குப் போகவில்லை. ஆனால் நான் இருக்கும் குரூப்கள் அவனுக்குத் தெரிந்தன. நம் குடியிருப்பு குரூப்பில் இருந்த அத்தனை பேரின் எண்களும் கிடைத்தன. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக என் பெயரில், என் படத்தோடு செய்தி போனது. "ஆஸ்பத்திரியில இருக்கேன், பேச முடியல. அவசரமா பன்னிரண்டாயிரம் வேணும், சாயந்திரம் தந்துடறேன்." கீழே ஒரு யுபிஐ முகவரி. மூன்று பேர் அனுப்பிவிட்டார்கள். என் மேல் இருந்த நம்பிக்கையால் அனுப்பினார்கள். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குத் தூக்கம் வருவதில்லை.

இது எப்படி வெளியே வந்தது தெரியுமா? ஏ பிளாக் இரண்டாம் மாடி அம்மாவுக்கும் அதே செய்தி போயிருக்கிறது. எழுபது வயதுக்கு மேல் ஆகிறது, போனில் எழுத்தைப் பெரிதாக்கி வைத்துத்தான் படிப்பார்கள். அவர்கள் பணமும் அனுப்பவில்லை, பதிலும் போடவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கி வந்து எங்கள் வீட்டு அழைப்பு மணியை அடித்தார்கள். கதவைத் திறந்தது நான். "ஆஸ்பத்திரின்னு போட்டிருக்கீங்க, இங்க நிக்கிறீங்களே தம்பி?" என்றார்கள். அந்த நிமிஷத்தில்தான் எனக்கு விஷயமே புரிந்தது.

நான் இன்று சொல்ல வந்தது அந்த அம்மா செய்த காரியம் ஒன்றைத்தான். கேட்டது ஒரு வழியில் வந்தால், சரிபார்ப்பது இன்னொரு வழியில் இருக்க வேண்டும். வாட்ஸ்அப்பில் கேட்டால் வாட்ஸ்அப்பிலேயே "நிஜமாவா?" என்று கேட்டுப் பயனில்லை. பதில் சொல்லப்போவது அதே திருடன்தான். போன் பண்ணுங்கள். எடுக்கவில்லையென்றால் அவர் வீட்டில் இன்னொருவருக்குப் பண்ணுங்கள். பக்கத்து பிளாக் என்றால் நடந்து போங்கள். என் நண்பருக்கு அன்று ஒரு போன் போட்டிருந்தால், எல்லாம் அங்கேயே முடிந்திருக்கும்.

ஈமெயிலுக்கும் இதே கதைதான். இன்லேண்ட் லெட்டரில் அனுப்புநர் என்ற இடத்தில் யார் பெயரை எழுதினாலும் தபால்காரர் கொண்டுவந்து கொடுத்துவிடுவார். ஈமெயிலில் தெரியும் பெயரும் அப்படித்தான், அனுப்புகிறவன் வைத்துக்கொள்வது. போனில் பெரும்பாலும் பெயர் மட்டும்தான் கண்ணில் படும். அந்தப் பெயரைத் தொட்டால் உண்மையான முகவரி தெரியும். வங்கியின் பெயரைப் போட்டுவிட்டு, முகவரி யாரோ ஒருவரின் இலவச ஈமெயில் கணக்காக இருந்தால் அங்கேயே அழித்துவிடலாம். முகவரி சரியாகத் தெரிந்தாலும், "இன்றைக்குள் கேஒய்சி செய்யாவிட்டால் கணக்கு முடங்கும்" என்று இருந்தால் அந்த மெயிலில் உள்ள இணைப்பைத் தொடாதீர்கள். வங்கியின் செயலியை நீங்களே திறந்து பாருங்கள், இல்லையென்றால் ஏடிஎம் கார்டின் பின்பக்கம் அச்சிட்டிருக்கும் எண்ணுக்குப் பேசுங்கள். வாடிக்கையாளர் சேவை எண்ணைத் தேடுபொறியில் தேடி எடுக்க வேண்டாம். போலி எண்களைப் போட்டு வைத்துக் காத்திருப்பவர்கள் அங்கேயும் உண்டு.

அடுத்தது பிரவுசர். பூட்டுப் படம் இருந்தால் நல்ல தளம் என்று நம் எல்லோருக்கும் ஒரு நம்பிக்கை. நமக்கும் அந்தத் தளத்துக்கும் நடுவில் போகும் தகவலை மற்றவர் படிக்க முடியாது, அவ்வளவுதான் அதற்கு அர்த்தம். தளத்தை நடத்துபவன் நல்லவன் என்று அர்த்தமில்லை. திருடனும் தன் தளத்துக்குப் பூட்டு வாங்கலாம். மக்கள் இதைத் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள் என்றுதான் குரோம் பிரவுசரில் 2023இல் அந்தப் பூட்டுப் படத்தையே எடுத்துவிட்டு வேறு படம் வைத்தார்கள்.

அப்படியென்றால் எதைப் பார்ப்பது? முகவரியைப் பாருங்கள். முதல் சாய்கோட்டுக்கு முன்னால் என்ன இருக்கிறதோ, அதன் கடைசிப் பகுதிதான் அந்தத் தளத்தின் சொந்தக்காரர் யார் என்று சொல்லும். முன்னால் உங்கள் வங்கியின் பெயரைப் போட்டு, கடைசியில் சம்பந்தமில்லாத ஒரு பெயர் டாட் காம் என்று முடிந்தால் அது வங்கி இல்லை. இந்திய வங்கிகளின் இணையதள முகவரி டாட் பேங்க் டாட் இன் என்று முடிய வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2025இல் உத்தரவு போட்டு, அந்த வருஷம் அக்டோபர் 31 வரை கெடு கொடுத்தது. இனி வங்கித் தளத்தைத் திறந்தால் அந்த முடிவைத் தேடிப் பாருங்கள்.

இன்னொரு நல்ல பழக்கத்தை சி பிளாக் கல்லூரிப் பையன் எனக்குச் சொல்லிக் கொடுத்தான். பாஸ்வேர்டை பிரவுசரில் சேமித்து வைத்திருந்தால், சரியான தளத்தில் அது தானாக நிரப்பும். போலித் தளத்தில் நிரப்பாது. நம் கண்ணுக்கு ஒன்று போலவே தெரியும் முகவரியை அது எழுத்து எழுத்தாக ஒப்பிடுகிறது. வழக்கமாக நிரம்பும் இடத்தில் ஒரு நாள் நிரம்பவில்லை என்றால், நாமே தட்டச்சு செய்ய அவசரப்படாமல் முகவரியை ஒரு தடவை படிக்க வேண்டும்.

சில சின்ன விஷயங்களையும் சொல்லிவிடுகிறேன். நமக்குப் பணம் வருவதற்கு யுபிஐ பின் தேவையே இல்லை. "பணம் அனுப்பறேன், பின் போடுங்க" என்று யார் சொன்னாலும் அது நம் பணம் போவதற்குத்தான். கல்யாணப் பத்திரிகை, போக்குவரத்து அபராதம் என்று வாட்ஸ்அப்பில் கோப்பு வந்தால் அதன் பெயர் எப்படி முடிகிறது என்று பாருங்கள். ஏபிகே என்று முடிந்தால் அது பத்திரிகை இல்லை, உங்கள் போனுக்குள் நுழையப் பார்க்கும் ஒரு செயலி.

இனி, தப்பு நடந்துவிட்டால் என்ன செய்வது? அன்று அந்தப் பையன்தான் என் எண்ணை மறுபடி பதிவு செய்து, புதிதாக வந்த கோடைப் போட்டான். போட்டவுடன் திருடன் வெளியேற்றப்பட்டான். ஆனால் அதற்குள் அவன் ஒரு ரகசிய எண்ணை வைத்திருந்தான். அது எனக்குத் தெரியாததால் ஏழு நாள் காத்திருக்க வேண்டியதாயிற்று. அந்த ஏழு நாளும் வீடு அமைதியாக இருந்தது என்று என் மனைவி சொல்கிறாள். அது வேறு விஷயம். அந்த ரகசிய எண்ணை நான் முன்கூட்டியே வைத்திருந்தால், கோடைக் கொடுத்த பிறகும் அவனால் நுழைந்திருக்க முடியாது. செட்டிங்ஸ், அக்கவுண்ட், டூ ஸ்டெப் வெரிஃபிகேஷன் என்று போனால் இரண்டு நிமிஷ வேலை.

பணம் போயிருந்தால் 1930 என்ற எண்ணுக்கு உடனே பேசுங்கள். இது மத்திய அரசின் சைபர் குற்ற உதவி எண். சைபர்கிரைம் டாட் கவ் டாட் இன் தளத்திலும் புகார் கொடுக்கலாம். எந்த வங்கி, எவ்வளவு தொகை, எத்தனை மணி, யுபிஐயில் வரும் பன்னிரண்டு இலக்கப் பரிவர்த்தனை எண், இவற்றைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். பணம் கணக்கு விட்டுக் கணக்கு போவதற்குள் சொன்னால் அதை நிறுத்தி வைக்க வாய்ப்பு இருக்கிறது. நம் மூவரில் ஒருவர் விஷயம் தெரிந்த அரை மணி நேரத்தில் பேசினார். அவருடைய பணம் வழியிலேயே முடக்கப்பட்டது என்று தகவல் வந்தது. இன்னொருவர் மறுநாள் காலையில் பேசினார். தகவல் எதுவும் இதுவரை வரவில்லை. மூன்றாமவர் இரண்டு நாள் யாரிடமும் வாயைத் திறக்கவில்லை. வீட்டில் என்ன சொல்வார்களோ என்ற பயம். அதற்குள் அந்தப் பணம் எங்கேயோ போய்விட்டது.

அவர் யார் என்று நான் சொல்லப் போவதில்லை. உங்களிடம் கேட்பது ஒன்றுதான். யாராவது ஏமாந்தேன் என்று வந்து சொன்னால், "இதுகூடத் தெரியாதா?" என்று முதல் வார்த்தையாகக் கேட்காதீர்கள். அந்தக் கேள்விக்குப் பயந்துதான் பெரியவர்கள் மறைக்கிறார்கள். மறைக்கும் அந்த நேரத்தில்தான் பணம் கைமாறுகிறது. முதலில் 1930ஐ அழைத்துக் கொடுங்கள். புத்திமதி சாயந்திரம் சொல்லிக்கொள்ளலாம்.

மூவருக்கும் என் கையிலிருந்து பணம் தருகிறேன் என்றேன். இரண்டு பேர் வேண்டாம் என்றுவிட்டார்கள். ஒருவர் வாங்கிக்கொண்டார். உண்மையைச் சொன்னால், வாங்கிக்கொண்டவர்தான் எனக்குக் கொஞ்சம் நிம்மதி கொடுத்தார்.

கடைசியாக, சங்கத்தின் சார்பில் இரண்டு முடிவுகள். ஒன்று, சங்கத்தின் பெயரிலோ நிர்வாகிகளின் பெயரிலோ வாட்ஸ்அப்பில் பணம் கேட்க மாட்டோம். பராமரிப்புக் கட்டணம் செலுத்தும் வங்கிக் கணக்கு எண் லிஃப்ட் பக்கத்து அறிவிப்புப் பலகையில் இருக்கிறது. அது மாறினால் செயலாளர் கையெழுத்தோடு அதே பலகையில்தான் வரும், குரூப்பில் வந்தால் நம்ப வேண்டாம். இரண்டு, வருகிற ஞாயிறு காலை பத்து மணிக்கு நம் கூடத்தில் சி பிளாக் பையனும் அவன் நண்பர்களும் உட்கார்ந்திருப்பார்கள். போனையும் மூக்குக் கண்ணாடியையும் எடுத்துக்கொண்டு வாருங்கள். அந்த ரகசிய எண்ணை உங்கள் கையாலேயே வைக்கச் சொல்லிக் கொடுப்பார்கள். எண் என்ன என்று அவர்களிடமும் சொல்லாதீர்கள்.

ஏ பிளாக் அம்மா முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறார்கள். அன்று மாடிப்படி இறங்கி வந்ததற்கு அவர்களுக்கு என் வணக்கம்.