270 நகராட்சிகள், ஒரே முகவரிப் பட்டியல்

இந்த எபிசோடில் பேசப்போவது முதலில் கொஞ்சம் அலுப்பாகத் தெரியலாம். வீட்டு முகவரி. உங்க வீட்டுக் கதவில் இருக்கிற எண்ணும் தெருப்பெயரும் யாருக்குச் சொந்தம்? அந்தப் பட்டியலை யாராவது விலைக்கு விற்கலாமா?

ஆரம்பத்திலேயே என் தப்பைச் சொல்லிவிடுகிறேன். வேலைக்குச் சேர்ந்து இரண்டாவது வருஷம். டென்மார்க்கில் வீட்டுக்கே மருந்து அனுப்புகிற ஒரு சேவைக்கு நாங்க இங்கிருந்து சாஃப்ட்வேர் எழுதிக்கொண்டிருந்தோம். வாடிக்கையாளர் டைப் பண்ணுகிற முகவரியைச் சரிபார்ப்பது என் வேலை. எங்கிருந்தோ கிடைத்த ஒரு பழைய பட்டியலை வைத்துக்கொண்டு, எழுத்துப்பிழை இருந்தாலும் கிட்டத்தட்டப் பொருந்துகிற முகவரியைக் கண்டுபிடிக்கிற மாதிரி ஒரு ப்ரோகிராம் எழுதினேன். ஒரு மாசம் ஆச்சு. டெஸ்ட் எல்லாம் பாஸ். எனக்கு ஒரே பெருமை.

லைவ் போன மூன்றாவது வாரம் ஒரு புகார் வந்தது. ஒரு வயசான அம்மாவுக்குப் போகவேண்டிய மருந்து வேறொரு ஊருக்குப் போய்விட்டது. தெருப்பெயர் ‘ஸ்கோலேவை’. பள்ளிக்கூடச் சாலை என்று அர்த்தம். நம்ம ஊரில் பிள்ளையார் கோயில் தெரு மாதிரி, அங்கே ஊருக்கு ஊர் இருக்கிற பெயர். நம்ம பின்கோடு மாதிரி அவர்களுக்கு நாலு இலக்க அஞ்சல் எண். அந்த அம்மா அதில் ஒரு இலக்கத்தை மாற்றிப் போட்டுவிட்டார். அப்படி ஒரு அஞ்சல் எண்ணே கிடையாது. திரும்பக் கேட்டிருக்க வேண்டும். என் ப்ரோகிராம் கேட்கவில்லை. பட்டியலில் முதலில் வந்த ஸ்கோலேவையை எடுத்துக்கொண்டது.

மருந்து இரண்டு நாள் தாமதமாகப் போய்ச் சேர்ந்தது. அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. வீட்டில் நாலு மாத்திரை மிச்சம் இருந்ததாம். அந்த நாலு மாத்திரை இல்லாமல் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும்னு யோசித்து அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை.

மறுநாள் காலில் கோபன்ஹேகனில் இருந்த சக ஊழியர் ஒருவர் என்னைத் திட்டவில்லை. “நீ ஏன் ஊகிக்கிறாய்? பட்டியல்தான் இருக்கிறதே” என்று மட்டும் கேட்டார். டாவா என்று ஒரு ஏபிஐ-யைக் காட்டினார். டென்மார்க்கின் எல்லா முகவரிகளும் அதில் இருந்தன. ஒவ்வொன்றுக்கும் தனி அடையாள எண், அட்சரேகை, தீர்க்கரேகை. அடுக்குமாடி என்றால் எந்த மாடி, எந்தக் கதவு என்பது வரைக்கும். இரண்டாவது மாடி ‘டி.ஹெச்.’ என்று போட்டிருந்தால் வலப்பக்கம், ‘டி.வி.’ என்றால் இடப்பக்கம். பதிவு செய்ய வேண்டாம், பணம் கட்ட வேண்டாம். நாலு எழுத்து டைப் பண்ணினால் சரியான முகவரிகள் வரிசையாக வந்து நிற்கும். ஆளே பார்த்துத் தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம். ஒரு மாசம் எழுதினதை அரை நாளில் அழித்தேன்.

அதுக்கப்புறம்தான் ஒரு கேள்வி வந்தது. இது எப்படி இலவசமாக இருக்கிறது? தேடிப் படிக்க ஆரம்பித்தேன்.

டென்மார்க்கில் வீட்டுக்கு எண் கொடுப்பது நகராட்சி. கிராமப்புறமும் ஏதாவது ஒரு நகராட்சிக்குள்தான் வரும். 1977 முதல் நாடு முழுக்கக் கட்டடங்களுக்கும் குடியிருப்புகளுக்கும் ஒரு பதிவேடு இருக்கிறது. தரவு ஏற்கெனவே இருந்தது, நல்ல தரத்திலும் இருந்தது. சிக்கல் உரிமையில். 2002-ல் அங்கே 270-க்கும் மேற்பட்ட நகராட்சிகள். செலவு செய்து தயாரித்த வரைபடம், முகவரிப் புள்ளிகள் எல்லாம் அவரவர் சொத்து. ஒரு நகராட்சி கமிஷனர் இடத்தில் உட்கார்ந்து யோசித்துப் பாருங்க. ‘எங்க ஆட்கள் அலைந்து சேகரித்தது, எங்க மக்கள் வரிப்பணம், சும்மா எதுக்குக் கொடுக்கணும்?’ அந்த வாதத்தில் தப்பு சொல்ல முடியாது. ஆனால் 270 பேரும் அதையே சொன்னால், நாடு முழுக்க ஒரு பட்டியல் வேண்டும் என்கிறவர் 270 கதவைத் தட்ட வேண்டும். யார் தட்டுவார்? நான் செய்த மாதிரி அரைகுறைப் பட்டியலை வைத்து ஊகிப்பார்கள். இல்லையென்றால் அதே தரவைப் பத்து கம்பெனி பத்து தடவை சேகரிக்கும்.

2002-ல் மத்திய அரசும் நகராட்சிகள் தரப்பும் ஒரு ஒப்பந்தத்துக்கு வந்தன. முகவரித் தரவுக்கு இனி விலை கிடையாது; அரசு, தனியார் யார் வேண்டுமானாலும் பயன்படுத்தலாம். நகராட்சிகளை வெறும் உபதேசம் பண்ணி இணங்க வைக்கவில்லை. டேனிஷ் மொழியில் அந்த ஒப்பந்தத்தைச் சொல்கிற சொல்லுக்கே ‘விலை கொடுத்து விடுவித்தல்’ என்றுதான் பொருள். இழக்கிறவர்களுக்கு ஈடு கொடுத்துவிட்டுத் திறந்தார்கள்.

லாபமா நஷ்டமா என்று 2010-ல் கணக்குப் பார்த்தார்கள். 2005 முதல் 2009 வரை சமூகத்துக்குக் கிடைத்த நேரடிப் பலன் சுமார் 6.2 கோடி யூரோ. 2009 வரைக்கும் ஆன மொத்தச் செலவு சுமார் 20 லட்சம் யூரோ. பலனில் 30 சதவீதம் அரசுத் துறைகளுக்கே வந்தது, 70 சதவீதம் தனியாருக்கு. இது நேரடிப் பலன் மட்டும்தான். ஆம்புலன்ஸ் சரியான வாசலில் போய் நின்றதன் மதிப்பெல்லாம் இதில் சேரவில்லை. நான் தப்பாக அனுப்பிய மாதிரிப் பொட்டலங்களும் சேரவில்லை.

எதிர் உதாரணமும் ஒன்று சொல்கிறேன். பிரிட்டனிலும் தெருவுக்குப் பெயர் வைப்பதும் எண் கொடுப்பதும் உள்ளாட்சிதான். ஆனால் அஞ்சல் முகவரிப் பட்டியல் ராயல் மெயில் கையில். 2013-ல் ராயல் மெயிலைத் தனியாருக்கு விற்றபோது பட்டியலும் கூடவே போய்விட்டது. அடுத்த வருஷமே நாடாளுமன்றக் குழு ஒன்று, அதைச் சேர்த்து விற்றது தவறு என்று அறிக்கை கொடுத்தது. கொடுத்து என்ன பண்ண, விற்றது விற்றதுதான்.

இப்போ உங்களுக்கு ஒரு சந்தேகம் வரலாம். எல்லா முகவரியும் இணையத்தில் இருந்தால் ஆபத்தில்லையா? இங்கே ஒரு கோடு தெளிவாகப் போட்டிருக்கிறார்கள். முகவரிப் பட்டியல் ‘இங்கே ஒரு கதவு இருக்கிறது’ என்று மட்டும் சொல்லும். கதவுக்குப் பின்னால் யார் இருக்கிறார் என்பது தனிப் பதிவேடு. அது திறந்த தரவு கிடையாது. அந்தப் பதிவேட்டில் இருக்கிற தன் பெயரையும் முகவரியையும் வெளியே கொடுக்கக் கூடாது என்று ஒருவர் பாதுகாப்பும் கேட்டு வாங்கலாம். இரண்டையும் ஒரே டேபிளில் போட்டு வைத்திருந்தால் இந்தத் திட்டத்தை யாரும் ஆதரித்திருக்க மாட்டார்கள்.

இன்னொன்று, இலவசம் என்பதால் வேலை குறைந்துவிடாது. 2007-ல் நகராட்சிகளை இணைத்து 98 ஆக்கினார்கள். இணைந்த ஊர்களில் ஒரே தெருப்பெயர் இரண்டு மூன்று இடத்தில் வந்தது. சில இடங்களில் பெயரையே மாற்ற வேண்டியிருந்தது. புது வீடு கட்டினால் எண் கொடுத்துப் பதிவு செய்வது இன்றைக்கும் நகராட்சி அலுவலகத்தில் இருக்கிற ஒருவர்தான். நாடு முழுக்கப் பார்க்கிற பட்டியலில் அவர் ஒரு தப்பு செய்தால் மறுநாளே யாராவது சுட்டிக்காட்டுவார்கள். அலமாரியில் பூட்டி வைத்த பட்டியலில் தப்பு இருந்தால் அது தப்பாகவே கிடக்கும்.

நம்ம ஊர் உள்ளாட்சிகளில் வேலை பார்க்கிறவர்கள், அவர்களுக்கு சாஃப்ட்வேர் எழுதுகிறவர்கள் சிலர் இந்த எபிசோடைக் கேட்கிறீர்கள்னு எனக்குத் தெரியும். பழைய எண் 14, புதிய எண் 27 என்று ஒரே வீட்டுக்கு இரண்டு எண் எழுதுகிற பாடு உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஒரு தரவை விற்கலாமா, திறக்கலாமா என்று பேச்சு வரும்போது, விற்றால் எவ்வளவு வரும் என்பதோடு, பூட்டி வைத்தால் மற்றவர்கள் எவ்வளவு செலவு செய்து ஊகிப்பார்கள் என்பதையும் அதே தாளில் எழுதிப் பாருங்க. டென்மார்க்கில் செய்தது அந்தக் கணக்குதான்.

என் பங்குக்கு நான் ஒரு பழக்கத்தை விடாமல் வைத்திருக்கிறேன். முகவரியில் சந்தேகம் என்றால் என் ப்ரோகிராம் இப்போ தானாக முடிவு பண்ணாது. “இதுவா உங்க வீடு?” என்று ஒரு தடவை கேட்கும்.

உங்க அனுபவம் ஏதாவது இருந்தால் எழுதி அனுப்புங்க. அடுத்த எபிசோடில் சந்திப்போம்.