முதல் ஸஃபில் காணாமற்போன பெரியவர்
(ஜமாஅத் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் இமாம் ஆற்றிய உரை)

 

இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் சிலருக்குக் கூச்சத்தைத் தரலாம். ஆயினும் அறிய வேண்டியதைக் கேட்பதற்கு வெட்கப்படலாகாது என்றே மத்ரஸாவில் எங்களுக்குக் கற்றுத் தந்தார்கள்.

நம் மஹல்லாவில் எழுபது வயதைக் கடந்த பெரியவர் ஒருவர். சுபுஹுத் தொழுகைக்கு எனக்கு முன்பே வந்து முதல் ஸஃபில் அமர்ந்திருப்பார். பின்னர் வாசலோரம் கடைசி ஸஃபுக்கு மாறினார். அதன்பின் வருவதே நின்றுவிட்டது. நிர்வாகத்தின் மீது மனத்தாங்கல் என்று சிலர் கூறினர்; நானும் நம்பிவிட்டேன். வீடு தேடிச் சென்று விசாரிக்கவில்லை. அது என் தவறு.

ஒரு நள்ளிரவில் சிறுநீர் முற்றிலும் அடைத்துக்கொள்ள, துடித்த அவரை மருத்துவமனைக்குக் கொண்டு சென்றனர். நானும் உடன் சென்றேன். குழாய் பொருத்திச் சிறுநீரை வெளியேற்றினர். சிறுநீரகமும் பாதிப்படைந்திருந்தது சோதனையில் தெரிந்தது. "கைலி எப்போது நனையும் என்றே தெரியாது ஹஜ்ரத், எப்படிப் பள்ளிக்குள் வருவேன்?" என்று கூறித் தலைகுனிந்தார்.

சகோதரர்களே! ஆண்களின் சிறுநீர்ப்பைக்குக் கீழே, சிறுநீர்த் தாரையைச் சுற்றி அமைந்த சிறு சுரப்பியே புராஸ்டேட். இளமையில் அதன் அளவு ஏறத்தாழ 20 மில்லி. வயது ஏற ஏற அது பெருத்துத் தாரையை நெருக்குகிறது. இரவில் பலமுறை எழுதல், காத்து நின்றும் மெல்லிய தாரையாகப் போதல், போன பின்னும் சொட்டுதல் ஆகியன அதன் அடையாளங்கள். இந்த வீக்கம் புற்றுநோய் அன்று. எனினும் இரண்டையும் பிரித்தறிய மருத்துவரே சோதிக்க வேண்டும்.

பலருக்கு மாத்திரையே போதும். டாம்சுலோசின் தசையைத் தளர்த்தும். ஃபினாஸ்டரைட் சுரப்பியைச் சில மாதங்களில் சுருக்கும். மீண்டும் மீண்டும் அடைப்பு, நோய்த்தொற்று, இரத்தக் கசிவு, சிறுநீர்ப்பையில் கல், சிறுநீரகப் பாதிப்பு ஆகியவை நேர்ந்தால் அறுவை சிகிச்சை தேவையாகிறது.

நம் பெரியவருக்கு அந்த நிலை வந்துவிட்டது. வளைகுடாவிலிருந்து அவருடைய மகன் தொலைபேசியில், "வெட்டாமல் கிளிப் போடும் புதுமுறை இருக்கிறதாமே, அதையே செய்யுங்கள்" என்றார். உறவினர் ஒருவர், "பழைய முறையே நம்பகமானது" என்றார். மருத்துவர் பொறுமையாக விளக்கியதை உங்கள் முன் வைக்கிறேன்.

முதலாவது, வயிற்றைத் திறந்து செய்வது. இந்திய மருத்துவப் பணியிலிருந்து திரும்பிய பீட்டர் ஃப்ரேயர் என்பவர் 1900-இல் லண்டனில் செய்து பெயர்பெற்ற முறை. மிகப் பெரிய சுரப்பிக்கும் உதவும். ஆனால் இரத்த இழப்பும் படுக்கை நாட்களும் அதிகம்.

இரண்டாவது, டி.யு.ஆர்.பி. சிறுநீர்த் தாரை வழியே கருவியைச் செலுத்தி, மின்கம்பியால் சீவி எடுப்பது. வெளியே தழும்பில்லை. 30 முதல் 80 மில்லி வரையிலான சுரப்பிக்கு ஏற்றது. பழைய கருவியில் கழுவும் நீர் உடலில் ஏறி உப்பின் அளவு குறையும் ஆபத்து உண்டு. உப்புநீரில் இயங்கும் பைபோலார் கருவி அந்த ஆபத்தைப் பெரிதும் நீக்கியது.

மூன்றாவது, ஹோலெப் என்னும் லேசர் முறை. ஆரஞ்சுச் சுளையைத் தோலிலிருந்து பிரிப்பதுபோல் உட்சதையை முழுதாகப் பிரித்தெடுக்கும். சுரப்பி எவ்வளவு பெரிதாயினும் செய்யலாம். இரத்த இழப்பு குறைவு. ஆயினும் கைதேர்ந்த மருத்துவர் வேண்டும். சிலருக்குச் சில வாரங்கள் சிறுநீர்க் கசிவு இருக்கும்.

நான்காவது, யூரோலிஃப்ட் கிளிப்பும் ரெஸூம் நீராவியும். சிறிய, நடுத்தரச் சுரப்பிகளுக்கானவை. முந்தைய மூன்று முறைகளுக்கும் பின் பெரும்பாலோருக்கு இல்லற வேளையில் விந்து வெளிவராமல் சிறுநீர்ப்பைக்குள் திரும்பிவிடும். அதனால் உடலுக்குத் தீங்கில்லை. ஆனால் பிள்ளைப்பேற்றை நாடுவோர் முன்னரே அறிய வேண்டும். கிளிப்பிலும் நீராவியிலும் அந்தக் குறை அரிது. ஆனால் ஆய்வில், கிளிப் பொருத்தியவர்களில் நூற்றுக்கு 13, 14 பேருக்கு ஐந்தாண்டுக்குள் மறுபடியும் அறுவை தேவைப்பட்டது. நீராவியில் நூற்றுக்கு 4, 5 பேருக்கு.

நம் பெரியவரின் சுரப்பி 100 மில்லியைத் தாண்டியிருந்தது. இதயத்துக்காக இரத்தம் உறையாத மாத்திரையும் உண்டு வந்தார். எனவே மகன் கேட்ட கிளிப்பும், உறவினர் கூறிய பழைய முறையும் அவருக்குப் பொருந்தவில்லை. லேசரே செய்யப்பட்டது. எல்லோருக்கும் சிறந்தது என்று ஒரு முறை இல்லை. அவரவர் உடலுக்கு ஏற்றது என்பதே உண்டு.

ஆகவே மருத்துவரிடம் நான்கு கேள்விகளைக் கேளுங்கள்: என் சுரப்பியின் அளவு என்ன? இந்த முறையில் தங்களுக்கு எவ்வளவு பழக்கம்? இல்லற வாழ்வில் என்ன மாறும்? மறுபடியும் அறுவை தேவைப்படுமா? உண்டுவரும் மாத்திரைகள் அனைத்தையும் அவரிடம் காட்டுங்கள்; எதையும் தாமாக நிறுத்தாதீர்கள். மருந்துக் கடையில் தாமாக வாங்கும் சளி மாத்திரைகள் சிலவும் திடீர் அடைப்பை உண்டாக்கும்.

சிறுநீர்ச் சொட்டு நில்லாதவருக்கு மார்க்கத்தில் சலுகை உண்டு. நேரம் வந்தபின் சுத்தம் செய்து, துணி கட்டி, ஒளூச் செய்து தொழலாம். ஷாஃபிஈ மத்ஹபில் ஒவ்வொரு ஃபர்ளுக்கும் ஒளூ. ஹனஃபி மத்ஹபில் அந்த வக்து முடியும்வரை அந்த ஒளூ நிற்கும். தொழுகையைக் கைவிட வேண்டியதில்லை. ஒளிந்து வாழவும் வேண்டியதில்லை.

அந்தப் பெரியவர் மூன்று மாதத்தில் முதல் ஸஃபுக்குத் திரும்பிவிட்டார், அல்ஹம்துலில்லாஹ். ஆனால் சிறுநீரகம் இழந்த வலிமை முழுவதும் மீளவில்லை. ஓராண்டு முன்பே வந்திருந்தால் காத்திருக்கலாம் என்றார் மருத்துவர். அந்த ஓராண்டில் ஒரு நாள் நான் அவருடைய வீட்டுக் கதவைத் தட்டியிருக்கலாம்.

வழக்கமாக வரும் பெரியவர் ஒரு வாரம் வரவில்லையென்றால் காரணத்தை ஊகிக்காதீர்கள், சென்று கேளுங்கள். பிள்ளைகளே, உங்கள் அத்தாவை மருத்துவரிடம் நீங்களே அழைத்துச் செல்லுங்கள். நிர்வாகிகள் ஹவ்ளுக்கு அருகில் முதியோருக்கென ஒரு கழிப்பறையை அமைத்துத் தரவும் வேண்டுகிறேன்.

வல்ல அல்லாஹ் நம் முதியோருக்கு ஆஃபியத்தை அருள்வானாக! ஆமீன். வஸ்ஸலாம்.