நோவாளிக்கு எழுதும் பாஷை

மூன்று மாதத்திற்கு மேற்பட்டும் நீடிக்கும் நோவைத் தலைவிதியென்று விட்டுவிடுவது நம் வழக்கம். 2022-ல் அமலுக்கு வந்த சர்வதேச நோய்ப் பட்டியலோ அதற்குத் தனிப் பிரிவே கொடுத்திருக்கிறது. ஆனால் அந்த அறிவு நோவாளியின் காதுக்கு எட்டவில்லை.

நரம்பு நோவுக்கு அமிட்ரிப்டிலின் கொடுக்கிறார்கள். மாத்திரையோடு வரும் காகிதமோ, மனச்சோர்வுக்கு மருந்தென்று இங்கிலீஷில், எறும்புக்கால் எழுத்தில் சொல்லுகிறது. யாரோ படித்துச் சொல்லக் கேட்டவன், "நான் பைத்தியமா?" என்று எறிந்துவிட்டால் குற்றம் யாருடையது? "குறைந்த அளவில் இது நரம்பின் நோவைத் தணிக்கும், வாய் உலரும், தூக்கம் வரும், பலன் தெரியச் சில வாரமாகும்" என்று நாலு வரி தமிழில் எழுதினால் யார் குடி முழுகிப்போகும் என்று நாம் கேட்கிறோம். நோவோடு பத்துப் பக்கம் படிக்க யாரால் முடியும்?

எழுதுகிற தோழர்கள், அச்சுக்குக் கொடுக்குமுன் இடுப்பு நோவுள்ள ஒரு பாட்டிக்குப் படித்துக் காட்டட்டும். அந்தம்மாள் விழிக்கிற இடத்தைத் திருத்தட்டும்.