மேற்கோள் கணக்கு



ஆராய்ச்சியில் இறங்கிய நம் காலனிப் பிள்ளைகளின் கட்டுரைகளைப் பிறர் எத்தனை தடவை மேற்கோள் காட்டினர் என்றே இன்று யாவரும் கேட்கின்றனர். பேரேட்டில் எண்களைக் கூட்டியே காலங்கழிக்கும் இரயில்வே குமாஸ்தாக்களாகிய எமக்கு எண்ணின்மீது பகையில்லை. ஆயினும் ஒரு கணக்கைச் சபையோர் முன் வைக்கிறோம்.

கனடா நாட்டின் ஒட்டாவா நகரில் கென்னத் ஹில் என்ற விஞ்ஞானியும் அவர்தம் கூட்டாளிகளும், ஜெர்மானியம் கலந்த கண்ணாடி இழையினுள் ஆர்கான் லேசர் ஒளியைச் செலுத்தினர். சில நிமிடங்களில் இழை அவ்வொளியைத் திருப்பி அனுப்பத் தொடங்கிற்று. ஒளியே அதனுள் நுண்ணிய வரிகளைப் பதித்துவிட்டது! 1978-ஆம் ஆண்டில் கட்டுரை வெளிவந்தது. ஏறக்குறையப் பத்தாண்டுக் காலம் அத்துறையில் உழைத்தோர் மிகச் சிலரே. 1985-ல் மேலதிகாரி ஒருவர் மேற்கோள்களை மட்டும் எண்ணியிருந்தால், ஹில் அவர்களுக்கு என்ன மதிப்பெண் இட்டிருப்பார்?

1989-ல் அமெரிக்காவில் ஜெரால்டு மெல்ட்ஸ் குழுவினர், புற ஊதா ஒளியைப் பக்கவாட்டில் பாய்ச்சி, வேண்டிய அளவில் வரிகளைப் பதிக்கும் வழி கண்டனர். பின்னர்தான் பழைய கட்டுரையைப் பலரும் தேடிப் படித்தனர், மேற்கோள்களும் பெருகின.

அவ்வரிகள் குறித்த ஓர் அலைநீளத்தை மட்டுமே திருப்பும். இழை நீண்டாலும் சூடேறினாலும் அவ்வலைநீளம் நகரும். தண்டவாளத்தில் அதனை ஒட்டி வைத்தால், சக்கரம் அழுத்துந்தோறும் நகர்வு தெரியும். கடந்து சென்ற அச்சுகளை எண்ணிவிடலாம். ஹாங்காங் இரயில் பாதையில் இவ்வகை இழைகளைப் பொருத்தியிருக்கின்றனர்.